பூசையில் உட்கார்ந்த லேப்டாப்

அரசாங்கம் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகள் எல்லாம் இப்போது என்ன கதியில் இருக்கின்றன என்று கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஊர் ஊராக விசாரித்துப் போனால் நல்ல வேடிக்கையாக இருக்கும். ஒன்று பரண்மேல் கிடக்கும். இன்னொன்று ஸ்க்ரீன் உடைந்து, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுத அட்டையாகியிருக்கும். பாதிக்கு மேல் யார் கைக்குப் போனது என்று கொடுத்தவர்களுக்கே ஞாபகம் இருக்காது. பிரகதீஸ்வரியின் லேப்டாப் மட்டும் பதினோரு வருஷம் கழித்தும் ஓடிக்கொண்டிருந்தது. தானாக ஒன்றும் ஓடவில்லை. அவள் விடாமல் ஓட்டினாள்.

குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் பிறந்தவள். பிளஸ் டூ படிக்கும்போது அந்த லேப்டாப் கைக்கு வந்தது. அதற்குள் மெஷினை இயக்குகிற சிஸ்டம் இரண்டு இருந்தது. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது, இன்னொன்று யாரும் எட்டிப் பார்க்காத லினக்ஸ். வந்த வேகத்தில் சித்தப்பா மகன் பாட்டு ஏற்றித் தருகிறேன் என்று ஒரு பென்டிரைவைச் சொருகினான். பாட்டோடு வைரஸும் ஏறி, எல்லாருக்கும் தெரிந்த அந்த சிஸ்டம் படுத்துவிட்டது. கடைக்காரர் வைத்துவிட்டுப் போ, பார்க்கலாம் என்றார். வைத்துவிட்டு வந்தால் எப்போது திரும்பி வருமோ என்ற பயத்தில் அவள் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, எட்டிப் பார்க்காத அந்த லினக்ஸை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அங்கேயே குடியேறிவிட்டாள்.

கல்லூரியில் கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்களுடைய லேப்டாப்புகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூட, இவளுடையதுக்கு மட்டும் வயசு ஏறிக்கொண்டே போனது. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேகமான ஒன்றை மாட்டினாள், மெமரியைக் கூட்டினாள், எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைத் தேடிப் போட்டாள். ஸ்க்ரூ கழற்றுவதற்கு ஆளைத் தேடியதும் இல்லை, கழற்றிய ஸ்க்ரூவைத் தொலைத்ததும் இல்லை. கல்யாணமாகி கந்தர்வக்கோட்டைப் பக்கம் வந்தபோது சீர் சாமான்களோடு லேப்டாப்பும் வந்தது. வந்த இடத்தில் அதற்கு மரியாதை இல்லை என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே மனக்குறை.

புருஷன் வெற்றிசெல்வன் மோட்டார் காயில் கட்டுகிறவன். மாமியார் முத்துமாரியம்மாள் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். உழைக்கிற வீடு, உழைக்கிற சாமானுக்கு மதிப்புத் தெரிந்த வீடு. ஆயுதபூஜை வந்தால் ஸ்பேனர்கள், காயில் சுற்றுகிற மெஷின், மண்வெட்டி, அரிவாள், கொட்டை உடைக்கிற கட்டை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துப் பலகையில் அடுக்குவார்கள். மிக்ஸிக்குப் பொட்டு உண்டு. கேஸ் அடுப்புக்கு உண்டு. தண்ணீர் பிடிக்கிற மோட்டாருக்கு மாலையே உண்டு. லேப்டாப்புக்கு மட்டும் கிடையாது. முதல் வருஷம் இவள் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு மாமியார் சொன்னார்: "அது வேல பாக்குற சாமானா ஆத்தா? நீ படம் பாக்குற பொட்டிதானே. சாமிக்கு முன்னாடி டிவியவா வைக்கிறோம்?"

மூன்று வருஷமும் அப்படியே போனது. அவள் வாய் திறக்கவில்லை, ஆனால் மிக்ஸியைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. அதில் அரைக்கிற சட்னியை இவள்தானே அரைக்கிறாள், அந்த மிக்ஸிக்கு இருக்கிற பவுசைப் பார்!

வேலை தேடாமல் இல்லை. எழுதிப்போட்ட இடமெல்லாம் சென்னைக்கு வா என்றது, இல்லாவிட்டால் படிப்பு முடிந்து இத்தனை வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டது. என்ன செய்தாள்? லினக்ஸ் சண்டித்தனம் செய்து தவிக்கிறவர்களுக்காக இணையத்தில் ஒரு தமிழ்க் குழு இருந்தது. அதில் யார் வந்து அழுதாலும் இவள் பதில் சொல்வாள். இதை ஒரு தகுதி என்று எந்த விண்ணப்பத்தில் எழுதுவது? கடைசியில் அந்தக் குழுவிலிருந்த ஒருவர் மூலமாகத்தான் வழி திறந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, சென்னையிலும் சில பேர் வைத்திருந்தது. சின்னச் சின்ன ஆபீஸ்களில் லினக்ஸ் மெஷின் பழுதானால் தூரத்திலிருந்தே சரிசெய்து கொடுப்பது தொழில். வீட்டிலிருந்தே பார்க்கலாம், நடுவில் விட்ட வருஷங்களைப் பற்றிக் கவலையில்லை என்றார்கள். இரண்டு சுற்றுத் தேர்வில் அவள் தேறினாள். மூன்றாவது, கடைசிச் சுற்று. அவரவர் சொந்த மெஷினைப் புது வெர்ஷனுக்கு மாற்றி, ஸ்க்ரீனைப் பகிர்ந்து காட்ட வேண்டும். அதில் அவர்கள் கேட்பதைச் செய்ய வேண்டும். விஜயதசமி அன்று மதியம் மூன்று மணிக்கு. வெளிநாட்டுக்காரர்களுக்கு விஜயதசமியாவது ஒன்றாவது. லேப்டாப்பில் பெரிய பரீட்சை என்று வீட்டிலும் சொல்லிவைத்தாள்.

இது போனால் இப்படி இன்னொன்று வராது என்று அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் இருந்துகொண்டே, இந்த மெஷினை வைத்துக்கொண்டே, தனக்குத் தெரிந்த இந்த ஒரு வேலைக்கு வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்?

ஊருக்கெல்லாம் அவள் சொல்கிற புத்திமதி ஒன்று உண்டு. முக்கியமான நாளுக்கு முந்தின நாள் அப்கிரேடு செய்யாதே. அதை அவளே மீறினாள், வேறென்ன. வீட்டில் சிக்னல் ஆமை மாதிரி. புது வெர்ஷனை இறக்க ஆரம்பித்தது ஒருநாள், முடிந்தது ஆயுதபூஜை அன்று காலையில். தன் ஃபைல்களையெல்லாம் முன்கூட்டியே வேறொரு பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தாள், அந்த மட்டும் புத்தி வேலை செய்தது. இறங்கியதையெல்லாம் பிரித்துப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துகிற வேலை தொடங்கியது. கறுப்பு ஸ்க்ரீனில் வரி வரியாக எழுத்து ஓடியது. அந்த நேரம் பார்த்து மாமியார் கூப்பிட்டார்.

"ஈஸ்வரி, வாழையிலையும் பூவும் வாங்கிட்டு வந்துரு ஆத்தா. நல்ல நேரம் முடியறதுக்குள்ள படைச்சிரணும்."

"இந்தா போயிட்டு வாரேன் அத்த. அது பாட்டுக்கு ஓடட்டும்" என்று லேப்டாப்பைக் கைகாட்டிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

கந்தர்வக்கோட்டைக் கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. கீரமங்கலத்துப் பூ வந்து இறங்கிக்கொண்டிருந்தது, அதைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. வாழைக்கன்று கட்டிய லாரிகளும் வேன்களும் ரோட்டை அடைத்து நின்றன. ஒவ்வொரு கடை வாசலிலும் உடைத்துப்போட்ட பூசணிக்காய்க்கு வண்டியை ஒதுக்கி ஒதுக்கி அவள் வீடு வந்து சேர்ந்தபோது கற்பூர வாசனை வாசலுக்கே வந்தது.

கூடத்தில் பலகை போட்டு எல்லாம் அடுக்கியிருந்தது. நட்டநடுவில் புதுத்துண்டு விரித்து, அதன்மேல் லேப்டாப். மூடிமேல் மூன்று பட்டையாக விபூதி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம், சுற்றிலும் செவ்வந்திச் சரம்.

உண்மையைச் சொன்னால், முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். நாலாம் வருஷத்தில் வைத்துவிட்டார்களே என்று கண்ணில் தண்ணீர் கட்டியது. அடுத்த மூச்சில்தான் ஓடவிட்டுப் போன வேலை ஞாபகம் வந்தது.

"அத்த, இது ஓடிக்கிட்டு இருந்துச்சே?"

"ஆமா, எழுத்தா ஓடிக்கிட்டுக் கெடந்துச்சு. நல்ல நேரம் முடியப் போகுது, ஒன்னயக் காணோம். எல்லாச் சாமானும் இங்கிட்டு இருக்க, ஒன் சாமான் மட்டும் அங்கிட்டு அனாதையாக் கெடந்தா நல்லாவா இருக்கும்?" முத்துமாரியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "வெவரமாத்தான் செஞ்சேன். ஈரச் சந்தனம் படுற எடத்துல கரண்டு இருக்கக் கூடாதுல்ல? வயரப் புடுங்கிட்டு, அந்தப் பட்டன அமுக்கிப் புடிச்சேன். அது சண்டித்தனம் பண்ணுறப்ப நீ அப்புடித்தானே அமுக்குவ, பாத்திருக்கேன். தொறந்து உள்ளயும் மேல் வரிசைல பொட்டு வச்சிருக்கேன் பாரு, ஒவ்வொரு பட்டனுக்கும்."

பாதி வீட்டை இடித்துவிட்டு மறு பாதியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது கொத்தனாரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போன மாதிரி. லேப்டாப் இனி பழைய வெர்ஷனும் இல்லை, புது வெர்ஷனும் இல்லை. திறந்தால் எழுந்திருக்காது என்று தொடாமலே அவளுக்குத் தெரிந்தது.

வெற்றிசெல்வன் வந்ததும் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னாள். அவனுக்குப் பக்கென்றது. "இப்பவே எடுத்துத் தட்டிப் பாரு. சாமி என்ன கோவிச்சுக்கவா போகுது? ஆத்தாட்ட நான் சொல்லிக்கிறேன்."

படைத்த சாமானை மறுநாள் காலையில்தான் எடுப்பது வழக்கம். ஆனாலும் புருஷனே சொன்ன பிறகு எடுத்துவிடலாம் என்றுதான் அவளும் உள்ளே போனாள். அந்நேரம் பக்கத்து வீட்டு ராஜலட்சுமி சுண்டல் வாங்க வந்து நின்றாள். "என்னக்கா, இந்த வருசம் பொட்டியும் உக்காந்திருக்கு?" என்று கேட்டாள்.

"பொட்டி இல்லடி. எங்க மருமக வேல பாக்குற மெசினு" என்றார் முத்துமாரியம்மாள். "நாளைக்கு அதுல பெரிய பரிச்ச இருக்கு. எங்க வீட்டுல இனிமே மூணு பேருக்கும் ஆயுதம் இருக்கு."

பிரகதீஸ்வரி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். வெற்றிசெல்வனைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் ஒன்றும் அப்படிப் பெரிய பக்திமான் இல்லை. அந்தப் பலகையிலிருந்து அதைத் தன் கையாலேயே எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அதற்காக மூலையில் உட்கார்ந்து அழவும் போவதில்லை. லேப்டாப் காலையில்தான் கைக்கு வரும் என்றால், மருந்து இன்றைக்கே தயாராக இருக்க வேண்டும்.

மருந்து என்பது ஒரு பென்டிரைவ். அதில் முழு லினக்ஸையும் ஏற்றிவிட்டால், எழுந்திருக்காத லேப்டாப்பைப் பென்டிரைவிலிருந்து எழுப்பி, உள்ளே புகுந்து பழுது பார்க்கலாம். அதை ஏற்றுவதற்கு ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும். நேராகக் கந்தர்வக்கோட்டை பிரவுசிங் சென்டருக்குப் போனாள். கவியரசனின் கடையில் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நெற்றியில் பொட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. கீபோர்டுகள்மேல் பொரி சிந்திக் கிடந்தது.

"இன்னைக்கு எதையும் தொடக்கூடாதுக்கா. காலைல வாங்க, பத்து மணிக்குப் பிரிச்சிருவோம்" என்றான் அவன்.

"பத்து மணி எனக்குச் சரிப்படாது தம்பி."

அவள் சொன்ன வேகத்தைப் பார்த்து அவன் ஒரு பொட்டலம் பொரிகடலை கொடுத்து அனுப்பினான். இரண்டு ஜெராக்ஸ் கடையிலும் அதே கதை. வட்டாரத்தில் இருக்கிற அத்தனை கம்ப்யூட்டரும் சாமி கும்பிட உட்கார்ந்துவிட்டன. பொட்டு வைக்காத கம்ப்யூட்டர் எங்கே இருக்கும் என்று ஸ்கூட்டியில் சாய்ந்து பொரியை மென்றுகொண்டே யோசித்தவளுக்குப் பளிச்சென்று ஷர்லி ஞாபகம் வந்தது. கல்லூரித் தோழி, இரண்டு ஊர் தள்ளி வீடு, அப்பா இன்னாசி விவசாயம். போய்ப் பார்த்தால், மாதா படத்துக்குப் பக்கத்தில் அவளுடைய லேப்டாப் வெறும் நெற்றியோடு இருந்தது.

விஷயத்தைக் கேட்டு ஷர்லி முதலில் வயிறு குலுங்கச் சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "ஏன்டி இந்தப் பாடு? என் லேப்டாப்ப எடுத்துட்டுப் போ."

"சொந்த மெஷினத்தான் காட்டணும். நான் எப்புடி வச்சிருக்கேன்னு பாக்கத்தான் கூப்புடுறாங்க."

"அப்ப மெயில் போடு. ரெண்டு நாள் தள்ளி வைங்கன்னு கேளு."

"லினக்ஸ் ரிப்பேரு பாக்குற வேலைக்கு ஆள் எடுக்குறாங்க. என் லினக்ஸ் ரிப்பேரு, தேதிய மாத்துங்கன்னு நானே எழுதவா?"

ஷர்லி தன் லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்தினாள். பென்டிரைவ் தயாரானது. ஒன்று மக்கர் செய்தால் என்று இன்னொன்றும் தயார் செய்துகொண்டாள். காலையில் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினாள்.

விஜயதசமி காலையில் முத்துமாரியம்மாள் சூடம் காட்டி, முதல் ஆளாக அவளைக் கூப்பிட்டு லேப்டாப்பைக் கையில் கொடுத்தார். "இந்தா ஒன் ஆயுதம். நல்லா எழுது."

அறைக்குள் போய்த் திறந்து பட்டனை அழுத்தினாள். நாலு வரி ஓடியது, ஸ்க்ரீன் செத்தது. எதிர்பார்த்ததுதான். பென்டிரைவைச் சொருகி, அதிலிருந்து எழுப்புவதற்கான பட்டனை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். இரண்டாவது பென்டிரைவை மாற்றிப் பார்த்தாள். இல்லை. இது மட்டும் அவள் எதிர்பார்க்காதது. மதர்போர்டே போய்விட்டதோ என்று முதல் தடவையாகப் பயந்தாள். அப்புறம்தான் குனிந்து பார்த்தாள். மேல் வரிசைப் பட்டன் அது. சந்தனம் அடியில் இறங்கிக் காய்ந்து கல்லாகியிருந்தது. பட்டன் கீழே போகவே இல்லை.

கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவிச் சுரண்ட ஆரம்பித்தாள். காபி கொண்டுவந்த மாமியார் அதைப் பார்த்து அப்படியே நின்றார்.

"நான் எதுவும் ஏடாகூடமாப் பண்ணிப்புட்டேனா ஈஸ்வரி?"

"அதெல்லாம் இல்லத்த. சந்தனம் காஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

பட்டன் இறங்கியது. பென்டிரைவிலிருந்து லினக்ஸ் எழுந்தது. அதன் வழியாகத் தன் டிஸ்க்குக்குள் புகுந்தாள். அரைகுறையாக நிற்கிற வேலைகளையெல்லாம் முடித்து வை என்று கட்டளை போட்டாள். கொஞ்சம் ஓடி, இடமில்லை என்று நின்றது. பழைய குப்பைகளைத் தேடித் தேடி அழித்தாள். மறுபடி போட்டாள். கொஞ்சம் கூடுதலாக ஓடி, இது இல்லாமல் அதை வைக்க மாட்டேன், அது இல்லாமல் இதை வைக்க மாட்டேன் என்று இரண்டு மென்பொருள்கள் பங்காளிச் சண்டை போட்டன. இரண்டையும் வெளியே தள்ளிவிட்டு, மற்றவர்களை முதலில் உட்காரவைத்து, அப்புறம் இவர்களை உள்ளே விட்டாள். ஊர்க்காரர்கள் எத்தனை பேருக்கு இதே கதையைப் பொறுமையாகச் சொல்லியிருக்கிறாள்! தனக்கென்று வரும்போதுதான் அந்தப் பொறுமை எவ்வளவு கனம் என்று தெரிந்தது. வெற்றிசெல்வன் இரண்டு தடவை கதவோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். சாப்பாட்டுத் தட்டு ஆறிக் கிடந்தது.

கடைசியாகப் பென்டிரைவை உருவிவிட்டு லேப்டாப்பைத் தன் காலில் எழுப்பினாள். எழுந்தது. புது வெர்ஷன், புது முகப்பு. வைஃபை மட்டும் வரவில்லை. அதற்கு மல்லுக்கட்ட நேரமில்லை என்று போனை வயரில் இணைத்து நெட்டைக் கொண்டுவந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, அவள் உட்கார்ந்தபோது மூன்று மணிக்குக் கொஞ்சம்தான் இருந்தது.

சென்னையிலிருந்து ஆத்மநாதன் என்பவர் பேசினார். கூட ஒரு வெளிநாட்டுப் பெண்மணி. கேட்டதையெல்லாம் செய்து காட்டினாள். பதினோரு வருஷ மெஷினா என்று அவர்கள் வியந்தார்கள். அப்புறம் ஆத்மநாதன், "அப்கிரேடு லாக்கக் கொஞ்சம் திறங்க" என்றார். மெஷினில் எப்போது என்ன நடந்தது என்று மறைக்காமல் எழுதி வைக்கிற ஃபைல் அது.

"நேத்துக் காலைல நடுவுல அறுந்து நிக்குதே. கரண்ட் கட்டா, பேட்டரி தாங்கலையா?"

ஆமா சார் என்றால் முடிந்தது. கரண்ட்மேல் பழி போட்டால் இந்த ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் பொய் சொல்லி உள்ளே போவதற்கா காலையிலிருந்து இந்தப் பாடு பட்டாள்? கதவுக்குப் பின்னால் மாமியாரின் சேலை நுனி தெரிந்தது.

"இல்ல சார். ஆயுதபூஜைக்கு எடுத்து வச்சுட்டாங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போதே."

ஆத்மநாதன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஆயுதபூஜை என்றால் என்ன என்று அந்தப் பெண்மணிக்கு இங்கிலீஷில் விளக்கி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. அப்புறம் கேட்டார்: "சரி பண்ணுனது இன்னைக்குக் காலைலன்னு காட்டுது. பரீட்சை இருக்குன்னு தெரியும். ஏன் நேத்தே எடுத்துப் பாக்கல?"

"எங்க அத்த முத தடவையா இத வேல பாக்குற சாமான்னு நெனச்சு வச்சாங்க சார். எடுக்க மனசு வரல. அதான் எடுக்காமயே என்ன செய்ய முடியுமோ அதெல்லாம் நேத்துச் செஞ்சேன்."

பென்டிரைவ் எங்கே தயார் செய்தாள், எந்த வரிசையில் சரிசெய்தாள் என்று அந்தப் பெண்மணி ஒவ்வொன்றாகக் கேட்டார். இவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

முத்துமாரியம்மாள் உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நான்தான் கெடுத்தேனா?"

"ஆமாத்த."

"நேத்தே சொல்லியிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே. ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா அடுத்த வருசம் வைக்க மாட்டீங்கள்ல?"

முத்துமாரியம்மாள் ஆறிப்போன தட்டை எடுத்துக்கொண்டு போய் சோற்றைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் வேலை உறுதி என்று மெயில் வந்தது. அடுத்த ஆயுதபூஜை அன்று காலையில், லீவு என்று ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிட்டு அவள் நிமிர்ந்தபோது, வாசற்படியில் முத்துமாரியம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"முடிஞ்சிருச்சா ஆத்தா? நீயே நிறுத்திக் குடு. பட்டன நான் தொட மாட்டேன்."